பல்லுக்கு இரண்டு பதிவேடு

கல்லூரியில் காலடி எடுத்து வைக்கும்போது நம்மில் பெரும்பாலோரின் வாயில் இருப்பவை 28 பற்கள். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறும்போது, எல்லாம் ஒழுங்காக நடந்தால், 32. இடையில் முளைக்கும் நான்கு கடைசிக் கடைவாய்ப் பற்களுக்கு ஞானப்பல் என்று பெயர். பதினேழு வயதுக்கு மேல், அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் அந்தப் பெயராம். ஞானம் வருகிறதோ இல்லையோ, பலருக்கு வலி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. தாடையில் இடம் போதாவிட்டால் பல் சாய்ந்தோ படுத்தோ முளைக்கும். பாதி வெளியே வந்து நின்றுவிட்ட பல்லின் மேல் ஈறு மூடிபோலக் கிடக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கை தங்கி அழுகும், ஈறு வீங்கும், வாயைத் திறக்க முடியாமற் போகும். ஆகவே பல் மருத்துவரைத் தேடுவது கிழவர்களின் காரியம் என்று நாம் எண்ணுவது தவறு. அது கல்லூரி வயதின் காரியமே.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விடுதியில் என் அறைத் தோழன் வாயிலாகவே அறிந்தேன்.

இரண்டாம் ஆண்டில், பருவத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவனுக்கு வலது கீழ்த்தாடையின் கோடியில் வலி கண்டது. முதல் இரண்டு நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டு படித்தான். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கினான். சனிக்கிழமை ஊருக்குப் போனவனை அவனுடைய அப்பத்தா பார்த்துவிட்டு, “புழு விழுந்த பல்லுடா. நாளைக்குச் சந்தை. பல்லு டாக்டரு வருவாரு. பிடுங்கிப்புட்டா தீந்துச்சு” என்று முடிவே கட்டிவிட்டார். சந்தையில் கடை போட்டிருந்த அந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் ஒரு பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். பிடுங்கப்பட்டது நோய்கண்ட ஞானப்பல் அன்று. அதற்கு முன்னால் நன்றாக இருந்த கடைவாய்ப்பல்.

திங்கள் இரவு விடுதிக்கு வந்தவனின் வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. வாயில் ஒரு விரல் நுழையவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் மூவர் ஓர் ஆட்டோவில் அவனை ஏற்றிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் உடனே படுக்கையில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றி, மறுநாள் கழுத்துப் பக்கம் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் பரவினால் மூச்சுக்குழலை நெருக்கிவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். “இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா?” என்று கேட்ட எங்களுக்கு, டாக்டர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு அவர் அவனிடம் கேட்டார்: “தம்பி, யாருகிட்டப் பல்லைப் பிடுங்குன?” அவனால் பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சீட்டு இல்லை, பெயர் தெரியாது, என்ன ஊசி போட்டார், போட்டாரா என்பதுகூடத் தெரியாது. சந்தைக்காரரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. என் தோழனின் பெயரும் அதுவரை எந்தப் பல் மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. பல் விஷயத்தில் பதிவேடுகள் இரண்டு: ஒன்று மருத்துவருடையது, மற்றொன்று நம்முடையது. நாம் இரண்டாவதைப் பற்றியே அரைகுறையாக அறிவோம். முதலாவதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

நம் நாட்டில் பல் மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் முதற்கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். அதற்கு முன்பும் பின்பும் நெடுங்காலம், பல் பிடுங்குவது கைத்தொழிலாகவே இருந்தது. நாவிதரும் சந்தை வைத்தியரும் செய்தனர். சீனத்தின் ஹூபேய் பகுதியிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய சீனக் குடும்பங்கள் தலைமுறையாகப் பல் கட்டும் தொழிலில் பெயர் பெற்றன. ஆனால் யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான வரையறை, 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் வந்த பிறகே ஏற்பட்டது.

அந்தச் சட்டத்தில் சுவையான ஓர் ஏற்பாடு உண்டு. பதிவேட்டை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ‘ஏ’ பகுதியில் பட்டம் பெற்றவர்கள். ‘பி’ பகுதியில், பட்டம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட நாளுக்கு முன் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இதையே முதன்மைப் பிழைப்பாகச் செய்துவந்தவர்கள். புதிய சட்டம் பழைய தொழிலாளியின் சோற்றில் மண்ணைப் போடக்கூடாது என்ற நியாயம் இதில் இருந்தது. ஆனால் அந்தச் சலுகை ஆளுக்கு வழங்கப்பட்டது, குடும்பத்துக்கு அன்று. தந்தைக்குப் பின் மகன் நாற்காலிக்கும் குறட்டுக்கும் பெயர்ப்பலகைக்கும் வாரிசாகலாம். பதிவுக்கு வாரிசாக முடியாது. ‘பரம்பரைப் பல் வைத்தியர்’ என்று இன்று பலகை தொங்கினால், அந்தப் பரம்பரை பதிவேட்டில் எங்கே முடிந்தது என்று கேட்பது நம் உரிமை. இந்தப் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. எந்தச் சட்டமாயினும் அடிப்படை ஒன்றே: பெயர் பதிவேட்டில் இல்லாதவர் பல் மருத்துவம் செய்யலாகாது.

சோதிப்பது கடினமன்று. பல் மருத்துவருக்கு அடிப்படைப் பட்டம் பி.டி.எஸ். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தாண்டுப் படிப்பு. அதற்கு மேல் மூன்றாண்டு படித்தவர் எம்.டி.எஸ். பட்டத்தோடு தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் தந்த பதிவு எண்ணும் உண்டு. பெரும்பாலும் பலகையிலோ மருந்துச் சீட்டின் தலைப்பிலோ அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால், “டாக்டர், உங்கள் பதிவு எண்ணைச் சீட்டில் எழுதித் தருவீர்களா?” என்று பணிவாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மருத்துவர் மட்டுமல்லாமல் மருத்துவமனையும் பதிவு செய்யப்பட வேண்டும். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், 2018இல் வந்த அதன் விதிகளும் இதைக் கட்டாயமாக்குகின்றன. காத்திருக்கும் நேரத்தில் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பதற்குப் பதில் அந்தச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

பதிவில்லாதவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களும் உண்டு. ஒரே அமர்வில் ‘நிலையான பல்’ கட்டித் தருகிறேன் என்று சொல்லி, விழுந்த பல்லின் இடத்தில் செயற்கைப் பல்லை வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டி, பசைபோன்ற அக்ரிலிக்கை ஈறின்மேல் அப்பி இறுகவிடுவார்கள். கழற்றிக் கழுவ முடியாத அந்தக் கட்டியின் அடியில் உணவு அழுகி, ஈறு புண்ணாகி, கடைசியில் தாங்கிக்கொடுத்த நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். மேல்தாடைப் பல்செட் விழாதிருக்க அதில் ரப்பர் வட்டு வைத்துத் தருபவர்களும் உண்டு. அது ஆண்டுக்கணக்கில் அண்ணத்தை உறிஞ்சி அரித்து ஓட்டையாக்கிவிட்ட நிகழ்ச்சிகளை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

அப்பத்தாவின் ‘புழு’வைப் பற்றியும் ஒரு சொல். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று; பாபிலோனியர் காலத்திலிருந்தே உலகம் முழுவதும் இருந்தது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையை வாய்க்குள் செலுத்தி, புழு விழுந்ததாகக் காட்டும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. பிரான்சு நாட்டின் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், தேடிப் பார்த்தும் புழுவைக் காணவில்லை என்று அந்த நம்பிக்கையை மறுத்தார். நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்க, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் வில்லோபி மில்லர் விளக்கினார். பல்லின் வெளிப்பூச்சுக்கு உணர்ச்சி கிடையாது. அதனால் ஓட்டை விழும்போது ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கைத் தொட்டதும் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் கூழை எட்டியதும், தூக்கம் கெடுக்கும் வலி வரும்; படுத்தால் தலைக்கு இரத்தம் பாய்வது கூடுவதால் அது இரவில் வலுக்கும். பிறகு ஒருநாள் தானாகவே நிற்கும். கிராம்பு வேலை செய்தது, மந்திரித்தது பலித்தது என்று மகிழ்வோம். உண்மையில் உள்ளே நரம்பு செத்துவிட்டது. சீழ் எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கூச்சம் தோன்றும் கட்டத்தில் போயிருந்தால் ஒரே அமர்வில் அடைத்திருக்கலாம். வலி நின்ற கட்டத்தில் போனால் வேர்ச் சிகிச்சை, அல்லது பிடுங்கல்.

சரி, நம் பெயரை எங்கே பதிவது? இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்குப் பொருளே வேறு. அங்கே 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசமாயிற்று. பல்செட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்ட அரசு, மூன்றாண்டில் அதற்குக் கட்டணம் போட, அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் பதவியையே துறந்தார். இப்போது அங்கே அரசுச் சேவையில் புதிய நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் பல் மருத்துவர் கிடைப்பதே அரிது. பிரிஸ்டல் நகரில் 2024 பிப்ரவரியில் ஒரு பல் மருத்துவமனை பெயர் பதியத் தொடங்கியபோது நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசையாய் நின்றனர். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீசார் வந்தனர். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று எவரும் நம் பெயரைத் திருப்பி அனுப்புவதில்லை. காத்திருக்கத்தான் வேண்டும்.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மாணவர்கள் எடுத்த எடுப்பில் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. தாலுகா அரசு மருத்துவமனைகளிலும், சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் பிரிவு உண்டு. எந்தெந்த நாளில் பல் மருத்துவர் இருப்பார் என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது. அங்கே ஆகாததற்கு அவர்களே எழுதிக் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தோடு வருபவருக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி.

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்வது அரசு இராஜாஜி மருத்துவமனை. 1940இல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி அதனோடு சேர்ந்தது. கோரிப்பாளையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். காலையிலேயே போய்விட வேண்டும். பதிவு செய்யுமிடத்தில் பெயர், வயது, ஊர் சொல்லி வெளிநோயாளர் சீட்டு வாங்கி, “பல் பிரிவு” என்று சொன்னால் வழிகாட்டுவார்கள். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. முதல்நாள் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, வீக்கம் இருந்தால் மாத்திரை கொடுத்து, வேறொரு நாளில் வரச் சொல்லக்கூடும். இதை அலைக்கழிப்பு என்று நினைத்துத் திரும்பி வராதவர்கள் பலர். சீழ் பிடித்து வாய் திறக்காத நிலையில், முதலில் அதை அடக்கிவிட்டுப் பின்னர்ப் பல்லில் கை வைப்பதுதான் பல நேரங்களில் முறை. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை புதிய மருத்துவர் இருந்தாலும் அந்தச் சீட்டு உங்களுக்காகப் பேசும்.

மதுரையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இல்லை என்பது இந்த நகரத்துக்கு ஒரு குறைதான். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்தது சென்னைக் கல்லூரி. 1980இல் அண்ணாமலைநகரில் தோன்றிய கல்லூரி பிற்பாடு அரசின் வசம் வந்தது. 2023இல் புதுக்கோட்டையில் ஒன்று திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்கெல்லாம் தலைநகர் போன்ற மதுரைக்கு இன்னும் முறை வரவில்லை. ஆனால் தனியார் கல்லூரிகள் உண்டு. கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரியும், சென்னை நெடுஞ்சாலையில் பெஸ்ட் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். அதனால் வெளிச் சந்தையைவிடச் செலவு குறைவாக இருப்பது வழக்கம். நேரம் மட்டும் கூடுதலாகும். ஒரு பல்லை அடைக்க ஒரு காலைப்பொழுதே போகலாம். நம்மைப்போல் ஒரு மாணவனோ மாணவியோ கைநடுக்கத்தோடு கற்றுக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் வந்து பார்த்துவிட்டுப் போவதால் அங்கே அஞ்சுவதற்குக் காரணமில்லை என்பது என் எண்ணம்.

தனியார் மருத்துவரிடம் போவதானால் சிம்மக்கல்லிலும் அண்ணாநகரிலும் கே.கே. நகரிலும் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், பல்லைக் காப்பாற்ற வழி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமை ஆகியவை இருந்தால் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்கப் போகிறவர்கள் பயத்தில் பட்டினியாகப் போய் நாற்காலியிலேயே மயங்கிச் சாய்வதுண்டு. ஊசியால் மரத்துப்போகச் செய்து பிடுங்குவதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

பதிவு பெற்ற இடமென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதும் இல்லை. 2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் அரிய தொற்று ஏற்பட்டு, எட்டுப் பேர் உயிரிழந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் அரசு நிறுவனங்களும் சேர்ந்து ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட கட்டுரை காரணத்தைச் சொல்கிறது. வாயைக் கழுவும் உப்புநீர்ப் புட்டியைப் பல் கருவியால் திறந்து, மீதத்தைப் பஞ்சால் அடைத்து, மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிர் அதில் குடியேறிவிட்டது. ஒரு புட்டி உப்புநீரின் விலை என்ன, எட்டு உயிரின் விலை என்ன! ஆகவே, கருவிகள் கொதிகலனில் சுத்தம் செய்து உறையிலிட்டுப் பிரிக்கப்படுகின்றனவா, ஊசி நம் கண்ணெதிரே புதிதாக உடைக்கப்படுகிறதா, கையுறை ஆளுக்கு ஆள் மாறுகிறதா என்று பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், கவனித்துப் பார்ப்பதற்கு எவரும் காசு கேட்பதில்லை.

என் தோழன் எட்டாம் நாள் வீடு திரும்பினான். ஒரு தாளைத் தவறவிட்டான். அதைப் பிறகு எழுதித் தேறிவிட்டான். வீக்கம் வடிந்து வாய் திறந்த பின், குறித்துக் கொடுத்த நாளில் போய் அந்த ஞானப்பல்லை எடுத்துக்கொண்டான். பஞ்சைக் கடித்துக்கொண்டு, துப்பாமல் கொப்பளிக்காமல் ஒருநாள் முழுதும் வாய்மூடி இருந்தான். விடுதியில் எங்களுக்கு அது பேரதிசயம். நல்ல பல் போன இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது. இன்றும் இடது பக்கமாகவே மெல்லுகிறான்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அவன் ஒரு காரியம் செய்தான். நாற்பதாண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையும் அடக்கும் அப்பத்தாவை, “எனக்குத் துணைக்கு வா அப்பத்தா” என்று பொய் சொல்லித் தாலுகா மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அழைத்துப் போனான். பல்லைக் காட்டச் சொன்ன டாக்டர், கன்னத்தின் உட்புறத்தில் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்றைக் கண்டார். வலியே இல்லாத திட்டு. புகையிலை போடுபவர் வாயில் இப்படித் திட்டோ, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ இருந்தால் புற்றுநோயா என்று சோதித்தே தீர வேண்டும் என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சிறிது சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றாக மாறவில்லை, மாறக்கூடியது, புகையிலையை விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அப்பத்தா புகையிலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அவன் முழுதும் நம்பவில்லை. ஆனால் சுருக்குப்பையில் புகையிலை இருந்த இடத்தில், நாலாக மடித்த வெளிநோயாளர் சீட்டு இருப்பதை நானே பார்த்தேன். அடுத்த தேதியை எங்களிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அன்னைக்குச் சந்தையில்ல?” என்றார். “சந்தைக்கு அடுத்த வாரம் போய்க்கலாம்” என்றான் அவன்.